துப்பாக்கியோடு வந்த சம்பந்தி பகுதி

துப்பாக்கியும் கையுமாக வாசலில் நின்றவர்களுக்குக் கால் கழுவச் செம்பில் தண்ணீர் நீட்டிய மனிதர் இந்தக் கனடாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சம்பந்தியர். மைனஸ் ஐந்து குளிரில் யாருக்குச் சப்பாத்தைக் கழற்ற மனம் வரும்? முதலில் வந்த தாடிக்காரர் செம்பை வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

மொன்றியல் துறைமுகத்துப் பக்கம் ஒரு வெயார்ஹவுஸில் நானும் சம்பந்தியரும் ஒன்றாக வேலை செய்தோம். முட்டைகூடத் தொடாத சைவம் அவர். அப்படிப்பட்டவர் வடக்கே இரண்டு மணித்தியால ஓட்டத்தில், காட்டோரமாக ஒரு சின்ன வீட்டை வாங்கி, மான் வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஏன் என்று கேட்டால் நியாயம் ஆயத்தமாக இருக்கும்.

"வள்ளி ஆர் வீட்டுப் பிள்ளை? வேடர் வீட்டுப் பிள்ளை. அப்ப முருகனுக்கு வேடர் ஆர்? மாமன், மச்சான். எங்களுக்குச் சம்பந்தி பகுதியடாப்பா!"

'சம்பந்தியர்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்த வழி இதுதான்.

வேட்டைக் காலமும் கந்தசஷ்டியும் ஒன்றாகத்தான் வரும். விரதத்தோடேயே அவர் அங்கே போய்ப் பின்னறையில் தங்குவார். பிரெஞ்சு தெரிந்த பாவத்துக்கு நானும் போவேன். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அவருடைய மகளுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக ஆறு வருஷம் சஷ்டி பிடிப்பதாக நேர்ந்திருந்தார். போன ஆண்டு ஆறாவது, கடைசி வருஷம். ஒரு நாள் பிசகினாலும் ஆறு வருஷமும் வீண் என்று பயந்து, பற்பசைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

வேடர்கள் மேசையில் கோழியும் பாணுமாக வெளுத்துக்கட்ட, இவர் ஒரு வாழைப்பழத்தோடு மூலையில் ஒடுங்கியிருப்பார். தாடிக்காரருக்கு மனம் பொறுக்கவில்லை. பாவம், இந்த மனிதருக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை என்றே முடிவுகட்டிவிட்டார். ஆறாம் நாள் பின்னேரம், தான் சுட்ட மானில் நல்ல துண்டாகப் பார்த்துச் சமைத்து, சட்டியோடு கொண்டுவந்து சம்பந்தியர் முன்னால் வைத்தார். மற்ற மூன்று வேடர்களும் வரிசையாக நின்று சிரித்தார்கள்.

சம்பந்தியர் என் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டா விரதம் போச்சு. சாப்பிடாட்டி சம்பந்தி பகுதிக்கு அவமரியாதை. என்னடா செய்யிறது?"

"விரதமெண்டு நான் சொல்லுறன் அண்ணை."

"சொல்லு. ஆனா சட்டி திரும்பிப் போகக்கூடாது. எங்கட பகுதியில ஒருத்தர் சாப்பிடோணும். நீ சாப்பிடு!"

சாப்பிட்டேன். "வழிச்சுச் சாப்பிடடா, அவையள் பாக்கினம்" என்று மூன்றாவது கோப்பை வரை என்னை விடவில்லை. வாய் நிறைய மானோடு, மகளுக்காகத்தான் இந்தப் பட்டினி என்று பிரெஞ்சில் விளக்கினேன். தாடிக்காரர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தன்னுடைய தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார்.

விரதம் குறையில்லாமல் முடிந்தது. மகளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று முந்திக்கொண்டு, "முருகனுக்கும் ஆயிரம் வேலை. பேந்தும் ஒருக்காச் சொல்லிப் பாப்பம்" என்று இந்த ஐப்பசியில் ஏழாவது வருஷத்தைத் தொடங்கிவிட்டார்.

கோயில் பக்கமே போகாத ஆள் நான். ஆனாலும் இந்த ஆறு நாளும் என் வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் இல்லை. மனைவி கேட்டதற்கு, டொக்டர் சொன்னார் என்று சமாளித்தேன். அந்த மனிதர் ஒரு பேரப்பிள்ளையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு அது போதும்.