டைமாபீஸின் பில்லைப் பலகை

உலகம் முழுவதும் இயேசு பாலன் பிறந்து முடித்த பிறகும் எங்கள் வீட்டில் மட்டும் அவர் பிறக்காமல் காத்திருந்ததுண்டு. அவரைக் காக்க வைக்கும் அதிகாரம் இந்தப் பூமியில் ஒரே ஒரு மனிதரிடம்தான் இருந்தது. அவர் பெயர் டைமாபீஸ்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அது ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது; பிறகு கல்லறைச் சிலுவையில் எழுதினார்கள். கோலார் தங்கவயலில், சுரங்கத்தின் டைம் ஆபீசில் அவருக்கு வேலை. சுரங்கத்தை மூடினார்கள், வேலை போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. என் அப்பாவின் அண்ணன், ஆகவே எனக்குப் பெரியப்பா. ஆனால் பேச்சில் எல்லாருக்கும் டைமாபீஸ்தான். பிலோமினா பெரியம்மாவே, "டைமாபீசு குளிச்சிட்டாரான்னு பாரு" என்றுதான் தன் கணவரைப் பற்றிச் சொல்வார்.

கையில் கிடைத்த கடைசிப் பணத்தில் மாலூரைத் தாண்டி ஒரு பழைய ஓட்டு வீட்டையும் கொஞ்சம் நிலத்தையும் வாங்கி அங்கே குடியேறினார். லிங்கராஜபுரத்திலும் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அடுக்குமாடிகளில் வசிக்கும் நாங்கள் மொத்தக் குடும்பமும் கிறிஸ்துமசுக்கு முந்தின நாளே அங்கே போய்விடுவோம். புத்தாண்டு கழிந்துதான் திரும்புவோம். டிசம்பரில் அந்த ஊரில் காலை எட்டு மணிக்குக்கூட வாசல் மாமரம் கண்ணுக்குத் தெரியாது. மங்கி குல்லாவும் ஸ்வெட்டருமாக எல்லாரும் பாய்லரைச் சுற்றி நின்று, வெந்நீருக்கு யார் முதல் என்று சண்டை போடுவோம்.

வாசலை ஒட்டிய நடையில் அந்தப் பலகை இருந்தது. கறுப்புச் சாயம் அடித்த பலகை, வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் எண் பொறித்த பித்தளைப் பில்லை. சுரங்கத்து வழக்கம் அது. கீழே இறங்குகிறவன் தன் பில்லையை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் மாட்டுவான். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். ஷிப்ட் முடிந்து நேரமானால் பெண்கள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நிற்பார்களாம். பெரியப்பா பலகையைத் திரும்பிப் பார்த்து, "வந்துட்டாரும்மா, நீ வீட்டுக்குப் போ" என்று சொல்வாராம். தன் உத்தியோகத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்ட பெருமை அவ்வளவுதான்.

மாலூர் வீட்டிலும் அதே சட்டம். வெளியே போகிறவர் பில்லையோடு போக வேண்டும். திரும்பியதும் மாட்ட வேண்டும். எல்லாக் கொக்கியும் நிறைந்தால்தான் இரவுச் சாப்பாடு. முதல் கொக்கி பாலன் இயேசுவுடையது. கிறிஸ்துமசுக்கு முந்தின இரவு, பூசை முடிந்து எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு, வீட்டிலேயே சின்னக் குழந்தை அந்தப் பில்லையை மாட்டி, குடிலில் பாலனைக் கிடத்தும். ஒருவர் குறைந்தாலும் பாலன் பெட்டிக்குள்தான்.

என் தங்கை கணவன் ராபர்ட் இந்தச் சட்டத்தோடு மோதாத ஆண்டு கிடையாது. மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி, பேசிச் சம்பாதிப்பவன். ஒருநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றான்.

"மாமா, அவசரம். பாத்ரூம் போறதுக்குக்கூடவா பில்லை?"

"கூரை எதுவரைக்கும் கீது?"

"சமையக்கட்டு வரைக்கும்."

"கக்கூசு?"

"கூரைக்கு வெளிய."

"அப்ப எடுத்துக்கினு ஓடு மாப்ள. நின்னு பேசின நேரத்துக்குப் போய்ட்டே வந்திருக்கலாம்."

விருந்தாளிகளுக்கு 'வி' என்று பொறித்த தனிப் பில்லை. வரும்போது வாங்கி, போகும்போது கொடுத்துவிட வேண்டும். அவரைக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து வந்த முனியப்பா, "நன்கூ பில்லையா சாமி?" என்று கன்னடத்தில் கேட்டுக் கும்பிட்டுப் பார்த்தார். அவருக்கும் உண்டு. ஒருமுறை வீட்டை மந்திரிக்க வந்த ஃபாதர் அதை அங்கிப் பைக்குள் போட்டபடியே போய்விட்டார். அன்று இரவு பெரியப்பா ஃபாதருக்கு ஒரு தட்டு வைத்தார்.

"அவரு போய்ட்டாரு, இன்னாத்துக்குத் தட்டு?" என்றார் பெரியம்மா.

"கணக்குப்படி ஃபாதர் உள்ளதான் இருக்காரு."

மறுநாள் காலைப் பூசையில் பெரியப்பா நற்கருணை வாங்க வரிசையில் நின்றார். ஃபாதர் அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் உடல்" என்றார். பெரியப்பா கண்ணை மூடி, "ஆமென்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, அதே பக்தியோடு, "பில்லை, ஃபாதர்" என்றார்.

மார்கழிப் பகல்கள் முழுக்க அவரைக்காய்தான். ஊறவைத்த அவரைக்கொட்டையைக் கட்டைவிரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் விழும். பழகாதவர் பிதுக்கினால் பருப்பு எதிரே இருப்பவர் கண்ணாடியில் விழும். பெரியப்பா இதையும் ஷிப்ட் போட்டுத்தான் நடத்தினார். "ஃபர்ஸ்ட் ஷிப்ட் எழுந்திரு, செகண்ட் ஷிப்ட் உக்காரு" என்று குரல் வந்தால் குல்குல் பலகாரத்துக்கு மாவை முள்கரண்டியில் உருட்டிக்கொண்டிருப்பவர்கள் அதைப் போட்டுவிட்டு வந்து அவரைக்கு உட்கார வேண்டும். பிதுக்குவதில் முதல் ஆள் அவருடைய ஒரே மகள் ரெஜினா. கையைப் பார்க்காமலே, ராபர்ட்டை வம்பிழுத்துக்கொண்டே, ஒரு படி முடித்துவிடுவாள். பலகையில் அவள் எண் ஏழு.

அந்த ரெஜினாதான் ஒரு டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு மறுநாள், அவரைப் பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தன்னோடு வேலை செய்யும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னாள்.

"எந்தப் பங்கு?" என்றார் பெரியப்பா. எந்தக் கோயில் என்று கேட்கிறார்.

"பங்கு இல்லப்பா. பேரு மஞ்சுநாத். தும்கூரு."

பெரியப்பா கத்தவில்லை. கையிலிருந்த கொட்டையைப் பிதுக்கி முடித்தார். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன. அதன்பின், "இந்த வூட்டுக் கல்யாணம் கோயில்லதான்" என்றார்.

"அப்ப எனக்கு இந்த வூட்ல கல்யாணம் இல்லப்பா."

அவள் பையை எடுத்தாள். நடையில் நின்றாள். கொக்கியிலிருந்து தன் பில்லையை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு மாலூர் பஸ்ஸுக்கு நடந்தாள். அத்தனை கோபத்திலும் அவள் சட்டத்தை மீறவில்லை.

அன்று இரவு பெரியப்பா பலகைக்கு முன்னால் நின்றார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. "கொக்கி காலியா கீது" என்றார். "அவ வரமாட்டா இன்னிக்கு" என்றார் பெரியம்மா. கடைசியில் பெரியப்பா ஒரு சாக்கட்டியை எடுத்து, ஏழாம் கொக்கிக்கு மேலே 'லீவு' என்று எழுதினார்.

ராபர்ட்டுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "மாமா, சொல்லாம போனா ஆப்சென்ட்தானே?"

"ஆப்சென்ட் போட்டா அப்புறம் பேரை எடுக்கணும் மாப்ள. லீவுன்னா ஆளு திரும்பி வரும்."

புத்தாண்டு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது மட்டும் சட்டம் தலைகீழ். பில்லைகளைப் பலகையிலேயே விட்டுவிட வேண்டும். பெங்களூரில் டிராஃபிக்கில் நாங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தாலும், பெரியப்பாவின் கணக்கில் ஆண்டு முழுவதும் அந்த வீட்டுக்குள் இருந்தோம். வெளியே இருந்தவள் ரெஜினா ஒருத்திதான்.

அவள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெரியப்பா போன் செய்யவில்லை. அவளும் அவருக்குச் செய்யவில்லை. பெரியம்மா மட்டும் பில்லையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் மகளோடு பேசுவார். கூரைக்கு வெளியே பேசியது வீட்டுக்குள் பேசியதாக ஆகாது என்பது அவர் கண்டுபிடித்த வழி. டிசம்பர் தோறும் மங்கிப்போன 'லீவு' மேல் பெரியப்பா மறுபடி சாக்கட்டி போடுவார். பூசை முடிந்து வந்ததும் பலகைக்கு முன்னால் நிற்பார். அந்த ஊர் ஃபாதருக்கு நான்கு கிராமங்கள் என்பதால் எங்களுக்கு நள்ளிரவுப் பூசை மாலை ஏழு மணிக்கே. ஒவ்வோர் ஆண்டும் அவர் நிற்கும் நேரம் கொஞ்சம் கூடியது. பிள்ளைகள் குடிலுக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போவார்கள். பாலன் பெட்டியில் இருப்பார். பிரியாணி அடுப்பில் இருக்கும். பெரியப்பா நகர்ந்த பிறகுதான் இரண்டும் வெளியே வரும்.

ஆறாம் ஆண்டில் ராபர்ட்டின் பொறுமை போயிற்று. சிவாஜிநகரில் ஒரு கடையில் பித்தளையில் ஏழாம் எண் பொறித்து ஒரு பில்லை செய்து வாங்கி வந்தான். நாங்கள் எல்லாரும் பூசைக்குக் கிளம்பியதும் பின்தங்கி, அதை ஏழாம் கொக்கியில் மாட்டிவிட்டு, ஓடிவந்து சேர்ந்துகொண்டான். பலகை நிறைந்திருந்தால் கிழவர் நேரே சாப்பிட உட்காருவார் என்று நினைத்தானாம்.

திரும்பி வந்ததும் பெரியப்பா பலகையைப் பார்த்தார்.  பிறகு, "ரெஜி?" என்றார்.

 செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். முன்னறை, பின்னறை, சமையற்கட்டு. "ரெஜிம்மா!" டார்ச்சை எடுத்துக் கொல்லைக்குப் போனார். திரும்பி வந்து, முழங்கால் வலியோடு குனிந்து, கட்டிலுக்குக் கீழே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நாங்கள் யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை.

"மாமா," என்றான் ராபர்ட்.  "நான்தான் மாட்டினேன். அவ வரல. எல்லாருக்கும் பசி... அதான்."

பெரியப்பா கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தோம். கொக்கியிலிருந்து பில்லையைக் கழற்றினார்.

"ஆளு வராம பில்லை மட்டும் வந்துட்டா, அப்புறம் அந்த ஆளைத் தேடறவன் யாரு மாப்ள?"

பில்லையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "சோறு போடு" என்று பெரியம்மாவிடம் சொன்னார். அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, பனி விலகுமுன், ராபர்ட் தன் பில்லையை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய் ரெஜினாவுக்குப் போன் செய்தான். வா என்று கூப்பிடவில்லையாம். நடந்ததை நடந்தபடி சொன்னானாம்.  பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போது அவள் போய்ப் படுக்கும் இடம் ஒன்று உண்டு.

"கட்டில் கீழயும் பார்த்தாரா மச்சான்?"

"கட்டில் கீழயும் பார்த்தாரும்மா."

ஆண்டின் கடைசி நாள் பிற்பகலில் வாசலில் ஒரு கார் நின்றது. பெரியப்பா அவரைப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. ரெஜினா யாரையும் பார்க்காமல் நேரே நடைக்குப் போய், கைப்பையிலிருந்து பழைய பில்லையை எடுத்து ஏழாம் கொக்கியில் மாட்டினாள். அந்தச் சத்தத்துக்குத்தான் பெரியப்பா எழுந்தார். பலகைக்குப் போனார். ஈரக் கட்டைவிரலால் 'லீவு' என்ற எழுத்தை அழித்தார்.

"லேட்டு" என்றார்.

"ஹொசகோட்டேல டிராஃபிக் ஜாம்ப்பா."

"ஆறு வருசமாவா ஜாமு?"

ரெஜினா சிரித்தாள், அழுதாள். எது முதலில் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மஞ்சுநாத் ஷூவைக் கழற்றிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். அவருக்கு உதவுவதாக நினைத்து ராபர்ட் 'வி' பில்லையை எடுத்து நீட்டப் போனான்.

"அதை வை. அது விசிட்டருக்கு" என்றார் பெரியப்பா.

 பெரியப்பா சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பில்லையை எடுத்தார். ராபர்ட் சிவாஜிநகரில் செய்த அதே பொய்ப் பில்லை. ஏழு என்ற பக்கம் கீழே இருந்தது. மேலே திரும்பியிருந்த பக்கத்தில், ஆணியால் புள்ளி புள்ளியாக அடித்த ஒரு புது எண். புள்ளிகளின் பள்ளத்தில் சட்டைப்பையின் நூல்தூசி படிந்திருந்தது. அன்று காலை அடித்ததல்ல அது.

"இது உங்குளுது. எல்லி ஹோதரூ தகொண்டு ஹோகி" என்று கன்னடத்தில், எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போகும்படி, மருமகனிடம் சொன்னார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "இடுப்புல இருக்கிறவரைக்கும் இவளுக்குப் பில்லை வேணாம். எறங்கி நடந்தா சொல்லுங்க, அடிக்கிறேன்."

அதன்பின் வந்த டிசம்பர்களில் பலகை நிறைந்திருந்தது. மஞ்சுநாத் அவரைக்கொட்டை பிதுக்குவதில் ராபர்ட்டைவிட மோசம். ராபர்ட்டுக்கு அதில் அளவில்லாத சந்தோஷம். குழந்தை இடுப்பிலிருந்து இறங்கி நடந்தது. அதற்கும் ஒரு பில்லை வந்தது.

போன ஆகஸ்டில், ஒரு மத்தியானத் தூக்கத்தில், பெரியப்பா போய்விட்டார். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் ரெஜினா எழுந்து நடைக்குப் போனாள். அவர் பில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்துவந்து அவருடைய சட்டைப்பையில் வைத்தாள்.

"இன்னாத்துக்குடி?" என்றார் பெரியம்மா.

"கீழ எறங்கறவங்க எடுத்துக்கினு போவணும்மா."

டிசம்பர் வந்தது. பூசை முடிந்து திரும்பினோம். அவரவர் பில்லையை மாட்டினோம். ஒரு கொக்கி காலியாக இருந்தது.  யாரும் சாப்பிட உட்காரவில்லை. பிரியாணி மணம் நடைவரை வந்தது. எங்களில் அதிகம் பசிக்கிறவன் ராபர்ட். அவன்தான், "கொஞ்சம் இருக்கலாம்" என்றான்.

நின்றோம். வெகுநேரம் கழித்துப் பெரியம்மா சாக்கட்டியைத் தேடி எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"ஆப்சென்ட் போட்றாதடி."

ரெஜினா அந்தக் கொக்கிக்கு மேலே 'லீவு' என்று எழுதினாள். அவள் மகள் நாற்காலியில் ஏறி முதல் கொக்கியில் பில்லையை மாட்டினாள். அந்த ஆண்டும் எங்கள் வீட்டில் இயேசு பாலன் கொஞ்சம் தாமதமாகத்தான் பிறந்தார்.