ஹால் விளக்கும் கலிபோர்னியா மாப்பிள்ளையும்

ஹால் விளக்கு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சாய்கிருஷ்ணா சோபாவில் சாய்ந்தபடி செல்போன் திரையை விரலால் குத்திக் குத்திப் பார்த்தான். குத்தினால் எரிய வேண்டிய விளக்கு அது.

"எழுந்து போய் கையாலேயே ஸ்விட்சைப் போடக் கூடாதா?" என்றாள் ப்ரியம்வதா. அவள் டிவி அலமாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"கையால போடறதுக்கு எதுக்கு சிங்கப்பூர்லேர்ந்து பல்பு வரவழைக்கணும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

பல்பு மட்டுமில்லை. டேபிள் ஃபேனுக்கு ஒரு பிளக், வாசலுக்கு ஒரு காமிரா என்று எல்லாமே வைஃபையில் ஓடுகிற சாமான்கள். நேற்று ராத்திரி வரை அடக்க ஒடுக்கமாக இருந்தவை, இன்று காலையிலிருந்து ஒட்டுமொத்தமாக மௌன விரதம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமனார் ராமசுவாமி திருமுல்கேரியிலிருந்து வருகிறார். பாதுகாப்புத் துறையில் ரேடாரோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். கச்சிபௌலியில் மாப்பிள்ளை ஒரு பெரிய கம்பெனியின் நெட்வொர்க் முழுவதையும் கட்டி மேய்க்கிறான் என்று எத்தனை தடவை சொன்னாலும், "கம்ப்யூட்டருக்கு வயர் மாட்டறார்" என்றுதான் உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த அவப்பெயரை இன்று துடைத்துவிடுவது என்று சாய்கிருஷ்ணா கங்கணம் கட்டியிருந்தான்.

"அப்பா வர்றதுக்குள்ள எரியலைன்னா, எல்லாத்தையும் பரண்ல ஏத்திடுவேன். பழைய ட்யூப்லைட்டை மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைத் திருகினாள் ப்ரியம்வதா.

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தேன். யோசிக்க முடியலை!"

போனில் வைஃபை முழு சிக்னல் காட்டியது. ஆகவே நெட்டில் கோளாறு இல்லை; ரவுட்டருக்குத்தான் புத்தி பேதலித்திருக்கிறது. அந்தப் பெட்டி டிவி அலமாரிக்குப் பின்னால் இருந்தது. பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிவதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. நிபுணர்கள் இருந்த இடத்திலிருந்தே காரியத்தை முடிப்பார்கள். சாய்கிருஷ்ணா போன் வழியாகவே ரவுட்டருக்குள் நுழைந்து, ரீஸ்டார்ட் கொடுத்தான்.

நெட் போய்த் திரும்பி வந்தது. விளக்கு எரியவில்லை. வாசல் மணிதான் அடித்தது.

மாடி வீட்டுச் சந்திரசேகரனின் பெண் நித்யஸ்ரீ நின்றிருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகத்தில் மட்டும் பண்டிகை இல்லை.

"அங்கிள், உங்க வீட்ல நெட் வருதா? எங்களுது பட்டுனு கட் ஆயிடுச்சு. கலிபோர்னியா மாப்பிள்ளை ஸ்கைப்ல பொண்ணு பாத்திட்டிருந்தார். அவங்கம்மா பாடச் சொன்னாங்க. நான் வாயைத் திறந்தேன், போச்சு. உங்களைக் கேக்கச் சொன்னார் அப்பா."

அங்கிள் என்ற வார்த்தை கொஞ்சம் உறுத்தினாலும், அந்த அடுக்ககத்தில் நெட் என்றால் தன் பெயர்தான் அடிபடுகிறது என்பதில் அவனுக்குப் பெருமை.

"எங்களுது ஜம்னு வருது. அப்பாவைக் கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லு, தானா வரும்."

அவள் போனதும், ரவுட்டரில் யார் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தான். முன்பின் தெரியாத ஒரு லேப்டாப் நெட்டை மடமடவென்று உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"திருட்டுப் பய! ப்ரியா, எவனோ நம்ம நெட்ல ஓசியில படம் பாக்கறான். அதான் பல்பு திணறுது."

"யாருங்க அது?"

"யாரா இருந்தா என்ன? கதவை அடைச்சாச்சு." லேப்டாப்பை பிளாக் செய்துவிட்டு, விளக்கைக் குத்தினான். எரியவில்லை.

மறுபடி மணி. நித்யஸ்ரீயின் முகம் இப்போது சற்றுத் தெளிந்திருந்தது.

"அங்கிள், நெட் வந்துடுச்சு. ஆனா லேப்டாப்பை மட்டும் சேத்துக்க மாட்டேங்குது. அப்பா தன் போன்லயே ஸ்கைப் போட்டுக் காட்டறேன்னு கிளம்பிட்டார்."

"லேப்டாப்ல வைரஸ் இருக்கும். மாப்பிள்ளை எப்படி?"

"அவரு இன்னும் வாயே திறக்கலை. அவங்கம்மாதான் எல்லாம் பேசறாங்க."

சாய்கிருஷ்ணாவுக்கு ஊர்க்கதை பேச நேரமில்லை. ப்ரியம்வதா பரணுக்கு ஏற ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டாள். கடைசி அஸ்திரமாக நெட்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றினான். 'சாய்ப்ரியா' என்று புதுப் பெயர் முழு சிக்னலோடு மின்னியது. விளக்கு அசையவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"அப்பா வந்துட்டார்!" ப்ரியம்வதா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டாள். "உங்க டப்பா பிளக்கை மறுபடி மாட்டிடவா?"

"எந்த டப்பா?"

"அதாங்க, ரவுட்டர். சமையலறை பிளக்ல பொறி பறக்குது, இதைப் பிடுங்கிட்டு மிக்ஸி போட்டுக்கறேன்னு காலையிலயே சொன்னேனே. 'ம்'னீங்களே!"

அவள் மாட்டினாள். பெட்டி கண் சிமிட்டியது. சற்று நேரத்தில் விளக்கு பளீரென்று எரிந்தது, டேபிள் ஃபேன் சுற்றியது. உள்ளே நுழைந்த ராமசுவாமி நிமிர்ந்து பார்த்தார்.

"பட்டப்பகல்ல எதுக்கு லைட்?" என்று கேட்டுவிட்டுக் கைகழுவப் போனார்.

சாய்கிருஷ்ணாவுக்கு அது காதில் விழவில்லை. காலையிலிருந்து பெட்டிக்கு உயிரே இல்லை என்றால், இவ்வளவு நேரம் போனில் வந்தது யாருடைய நெட்? யாரை பிளாக் செய்தான்? கேபிள் நெட்காரர் அந்தக் கட்டடம் முழுவதற்கும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போனவர். அதையெல்லாம் உடனே மாற்றுங்கள் என்று ஆபீசில் மாதாமாதம் எல்லோருக்கும் மெயில் அனுப்புகிறவன் சாய்கிருஷ்ணா. சொந்த வீட்டில் மாற்றியதில்லை. அவனுடைய போன் பாட்டுக்கு மாடி வீட்டு நெட்டில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது; பல்புதான் சொந்தப் பெட்டியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் முறை மணி அடித்தது. நித்யஸ்ரீ சுடிதாருக்கு மாறியிருந்தாள். தலையில் பூ இல்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.

"அங்கிள், எங்க வீட்டு நெட்டுக்கு 'சாய்ப்ரியா'ன்னு பேர் வந்திருக்கு" என்றாள் மெல்லிய குரலில். "அப்பா இன்னும் கவனிக்கலை."

"நித்யா, சத்தியமா வேணும்னு பண்ணலைம்மா. மாப்பிள்ளை வீட்ல..."

"சகுனம் சரியில்லை, வேண்டாம்னுட்டாங்க."

ஒரு பல்புக்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கலைத்தாயிற்று. மாமனார் காதுக்கு எட்டினால், வயர் மாட்டுகிறவன் என்ற பட்டமும் பறிபோகும்.

"இப்பவே மேல வந்து எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்மா. புது பாஸ்வேர்ட் போட்டு உன்கிட்டயே குடுத்துடறேன். அப்புறம் என் போன் உங்க நெட் பக்கமே வர முடியாது."

"நக்கோ அங்கிள், வேண்டவே வேண்டாம்!" என்று பதறினாள் நித்யஸ்ரீ. "பழைய பாஸ்வேர்டே இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்கைப்ல டாலஸ் மாப்பிள்ளை வர்றார்."