விளக்குக்கு அடியில் படுத்த கெடையண்ணன்

உயிரோடு இருக்கும்போதே இரண்டு முறை மாலை விழப் பார்த்த மனிதர் போடிநாயக்கனூரில் ஒருவர்தான். அவர் கெடையண்ணன். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. போகிற இடத்தில் எல்லாம் தரையில் மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டி, கண்ணைத் திறந்தபடி கிடையாய்க் கிடப்பார். அதனால் அந்தப் பெயர். கல்யாண வீடுகளுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் லைட் பிடிப்பது அவர் வேலை. கிடப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பச்சைக் குழந்தைகளைப் படமெடுக்கும் ஸ்டுடியோ ஒன்றை, கீழே ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்த ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் தொடங்கியிருந்தேன். லைட்டுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்ததில் அவர் வந்தார். வணக்கம் இல்லை, பேச்சு இல்லை. என் விளக்கை அண்ணாந்து பார்த்தார். நேராக அதன் கீழே போய்ப் படுத்துவிட்டார். கால் மணி நேரம் ஆகியும் அசைவு இல்லை. நான் படியிறங்கி ஓடி, எதிர்க்கடை டீ மாஸ்டரைக் கூட்டி வந்தேன். அவர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"நம்ம கெடையண்ணன்தாம்மா. இருக்காரு" என்றார். அந்த 'இருக்காரு'வில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

சற்று நேரத்தில் அவரே எழுந்து உட்கார்ந்தார். "இதுக்கடியில படுக்க எனக்கே பயமா இருக்கு. பச்சப்புள்ளயப் படுக்க வைக்கப் போறியா ஆத்தா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குழந்தைக்கு நேர் மேலிருந்து வெளிச்சம் விழ வேண்டுமானால் சாதாரண ஸ்டாண்டு ஆகாது. பூம் வேண்டும். கம்பத்தின் தலையில் குறுக்காக நீளும் ஒரு கை. ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் அதைச் சமன்செய்ய மணல் மூட்டை. அதை வாங்கத்தான் இருவரும் மதுரைக்கு ரயில் ஏறினோம்.

கடையில் ஐந்து பூம் ஸ்டாண்டுகள் நின்றன. ஐந்தையும் விளக்கு மாட்டி நிறுத்தச் சொன்னார். "கை எம்புட்டு நீளுதுன்னு பாக்காதே. நீட்டுனா நிக்குதான்னு பாரு. நீளமான காலு விளக்குப் பக்கந்தான் இருக்கணும்" என்று எனக்குப் பாடம் சொல்லிவிட்டு, முதல் விளக்கின் கீழே படுத்துவிட்டார். உள்ளே நுழைந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். இன்னொருவர் என்னிடம் தாழ்ந்த குரலில், "எப்ப எடுக்குறாங்க?" என்று கேட்டார். பக்கத்துப் பூக்கடைக்காரர் மாலைக்கு அளவு கேட்க வந்து நின்றார்.

கடைக்காரர் கெஞ்சினார். "அண்ணே, எந்திரிங்கண்ணே. யாவாரம் கெடுது."

"இருப்பா. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"என்னத்த?"

"மூச்சு விடுது."

கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். நானும் காதைத் தீட்டினேன். மேலே, கை கம்பத்தோடு சேரும் இடத்தில், தூங்குகிறவர் மூச்சு விடுவதுபோல ஒரு மெல்லிய சத்தம். என் கை ரோமம் நட்டுக்கொண்டது. திருகு பிடி விடுவதற்கு முன்னால் அப்படித்தான் மூச்சு விடும் என்றார். ஒவ்வொன்றின் கீழும் படுத்துப் பார்த்ததில் ஐந்தும் விட்டன. வெறுங்கையோடு திரும்பினோம்.

இரண்டு வாரம் கழித்து ஜீப் பிடித்து என்னைக் குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். விளம்பரப் படமெடுக்க வந்த யாரோ விட்டுப்போன பூம் ஸ்டாண்டு அங்கே விலைக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். நடுப்பகல், ஆனாலும் மலையின் பனிமூட்டம், அங்கே மஞ்சு என்பார்கள், இறங்கிக் கிடந்தது. காலிக் கூடத்தின் நடுவில் வெள்ளைத் துணி போர்த்தி, ஒரு கையை மட்டும் நீட்டிக்கொண்டு அது நின்றது.

"நாங்க யாரும் அதத் தொடுறதில்லை. திரும்பித் திரும்பிப் பாக்கும்" என்றார் காவல்காரர்.

கெடையண்ணன் துணியை உருவினார். கையின் முனையில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே படுத்தார். சன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்தது. முதலில் அவர் முகம் மறைந்தது, பிறகு மார்பு. கடைசியில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. "அண்ணே" என்று கூப்பிட்டேன். இன்னொரு முறை கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. மஞ்சு விலகியபோது அவர் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது ஊமை ஆத்தா. இதுதான் நமக்கு."

அதற்குள் காவல்காரர் எங்கிருந்தோ ஒரு கை நிறையப் பூ பறித்துக்கொண்டு வந்துவிட்டார். எழுந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, பூவை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார்.

ஸ்டாண்டு மாடிக்கு வந்த மறுநாளே ஆரம்பித்தது. சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போவேன். காலையில் வந்தால் கை மலைப் பக்கம் திரும்பியிருக்கும். ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். விஷயத்தைச் சொன்னபோது அவர் தரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது உருண்டு மலைப் பக்கச் சுவரில் போய் முட்டியது.

"ஸ்டாண்டுல ஒண்ணுமில்ல. கட்டடம் சாஞ்சிருக்கு."

அன்று முதல் எனக்குக் கட்டடத்தின்மேல் பயம். அவர் ஸ்டாண்டின் மலைப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகிச் சமன்செய்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

சிலமலையிலிருந்து ஒரு தம்பதி இருபத்திரண்டு நாள் பெண் குழந்தையோடு வந்தார்கள். ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. கூடையில் கிடத்துவதற்கு முன்னால் வழக்கம்போல கெடையண்ணன் போய் விளக்கின் கீழே படுத்தார். தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நல்ல நாளும் அதுவுமா என்னக்கா இது. வெரசா முடிங்க, புள்ள பசிக்கு அழுதுரும்."

அவர் எழுந்து கை கழுவப் போனார். அப்போது ஃபேன் காற்றில் பின்னால் கட்டியிருந்த துணி படபடத்தது. நான் அவசரத்தில் பூமின் வால் முனையில் தொங்கிய மணல் மூட்டையைக் கழற்றி, துணியின் ஓரத்தில் வைத்தேன். திருகு இறுக்கமாக இருந்ததால் கை அப்படியே நின்றது. நிற்கும் என்று நினைத்தேன்.

அவர் திரும்பி வந்து கூடைப் பக்கம் நின்றார். நான்கு படம் எடுத்திருப்பேன். கரண்டு போனது.

சன்னல்களில் எல்லாம் கறுப்புத் துணி. பட்டப்பகலிலும் அந்த அறைக்குள் கும்மிருட்டு. அந்த இருட்டில் ஒரு குரல் வந்தது. கெடையண்ணன் குரல்தான், ஆனால் தரைக்குள்ளிருந்து வருவதுபோல நசுங்கி வந்தது.

"யாரும் அசையாதீங்க."

அசைய யாருக்கும் உயிர் இல்லை.

"தாயி, ஒன் முட்டிக்கு முன்னாலதான் கூடை இருக்கு. கையத் தரையோட தேச்சுக் கொண்டுபோ. அம்புட்டுச்சா?"

"ம்" என்றாள் குழந்தையின் தாய்.

"தூக்காத. ஒம் பக்கமா இழு. மெதுவா."

கூடை தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"புள்ள மடிக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"ஆத்தா, இப்ப சன்னல் துணிய வெலக்கு."

விலக்கினேன். கூடை இருந்த இடத்தின்மேல் அவர் மண்டியிட்டுக் குனிந்திருந்தார். அத்தனை கனமான விளக்கும் அவருடைய பிடரியில் உட்கார்ந்திருந்தது. காதுக்குப் பின்னாலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. அவர் கண் துணியின் ஓரத்திலிருந்த மணல் மூட்டைக்குப் போனது. பிறகு என்னிடம் வந்தது.

"என்னண்ணே இது?" தகப்பன் பாய்ந்து வந்து விளக்கைத் தூக்கி ஓரமாக இறக்கினான்.

"ஏங்கை தவறிருச்சுப்பா. திருகை நாந்தான் சரியா முடுக்கல."

"ஒங்கள நம்பித்தான புள்ளயக் கொண்டாந்தோம்" என்று ஆரம்பித்து அவன் சொன்னதை எல்லாம் அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். பக்கத்திலேயே நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கழுத்தில் கட்டோடு வேலைக்கு வந்தார். பத்தொன்பது நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே வேலை வாங்கினேன். இருபதாம் நாள் முடியவில்லை.

"அண்ணே, மூட்டையை எடுத்தது நான்தான்."

"தெரியும்."

"பெறகு ஏண்ணே சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். பூமின் கையைத் தடவிக்கொடுத்து, "ஊமை அன்னைக்குத்தான் மொதமொதலா மூச்சு விட்டுச்சு. நல்லவேள, கிட்ட நின்னேன்" என்றார்.

அன்றைக்கே சிலமலைக்குப் பஸ் ஏறினேன். தகப்பன் முழுவதையும் கேட்டுவிட்டுத் திகைத்துப் போய் உட்கார்ந்தான். "அந்த அண்ணன நான் ரொம்பப் பேசிட்டேனேக்கா" என்றான். மறு வாரம் ஒரு வாழைத்தாரோடு மாடியேறி வந்தான். கெடையண்ணன் எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றார்.

இப்போது அவர் குரங்கணியில் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி வலி. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஜீப்பில் இறங்கி வருகிறார். மற்ற நாட்களில் யார் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், லைட் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.