முன்னே போகாத ஹெலிகாப்டர் குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதும் கடிதம். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்களும் என் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் போன் வந்திருக்கும். போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், போனில் நான் விஷயத்துக்கு வரும்போது நீங்கள் "சரி மாமா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நிற்க. இந்த வார்த்தையை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் நீங்கள் எனக்கு அனுப்பிய ஹெலிகாப்டருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ரிட்டயர் ஆன இரண்டு கிழவர்களுக்கும் பொழுது போகட்டும் என்று எனக்கு ஒன்றும் உங்கள் அப்பாவுக்கு ஒன்றுமாக ரிமோட் ஹெலிகாப்டர் அனுப்பினீர்கள். நல்ல மனசு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னுடையதில் மேலும் கீழுமாக இரண்டு விசிறி, சம்பந்தியுடையதில் மேலே ஒரே விசிறி, வாலில் ஒரு குட்டி விசிறி. இரண்டு இருப்பது பெரிது என்று நான் பாட்டுக்கு ஏமாந்து சந்தோஷப்பட்டேன். என்னுடையது மேலே போகும், அழகாக நிற்கும், சொன்னபடி இறங்கும். லிஃப்ட் இன்ஸ்பெக்டராகவே காலம் தள்ளியவனுக்கு வீட்டுக்குள் இன்னொரு லிஃப்ட் எதற்கு? குச்சியை முன்னால் தள்ளினால் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, பெண் பார்க்க வந்த இடத்தில் நடப்பது மாதிரி நாலு எட்டு வைக்கும், அப்புறம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். சீலிங் ஃபேனைப் போட்டால் பின்னால் வரும். உங்கள் அப்பாவுடையதோ, மூக்கு குனிந்தால் விட்ட அம்புதான். கை சற்று ஆடினாலும் கவிழ்ந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பல் டாக்டர், கை ஆடாது. இதை ஓரவஞ்சனை என்று நான் சொல்லவில்லை, உங்கள் அத்தை சொல்லக் கூடாது என்றிருக்கிறாள்.

போன மாதம் லீவு பற்றிப் பேச்சு வந்தபோது, "எங்கே தங்கப் போறீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "நீங்களும் அப்பாவும் ஹெலிகாப்டர் பந்தயம் வைங்க மாமா, எது முதல்ல போய்ச் சேருதோ அந்த வீட்டுல முழு லீவும் தங்கிடறோம்" என்றீர்கள். உங்களுக்கு அது வேடிக்கை. போன லீவு முழுக்க நீங்கள் உங்கள் அப்பா வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு மத்தியானம் மட்டும் விருந்தாளி மாதிரி இங்கே வந்து, செருப்பைக் கூட ஓரமாக விடாமல் திரும்பிப் போனது வேடிக்கையா? என் மகளுக்கென்று பெயிண்ட் அடித்து, கட்டில் வாங்கிப் போட்ட அறை பூட்டியே கிடந்தது. ஊருக்கு வந்த பெண்ணின் குரலை ஒரு காலை வேளையிலாவது என் வீட்டுக்குள் கேட்க வேண்டும் என்று நினைப்பது தப்பா மாப்பிள்ளை? அதைச் சம்பந்தியிடம் வாய்விட்டுக் கேட்க எனக்கு ரோஷம். அவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, ஜெயித்தவர் எதற்கு எடுக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே பந்தயத்துக்குச் சம்மதித்தேன். முன்னால் போகாத வண்டியைப் போக வைக்க வழி என்ன? மூக்கில் கனம் சேர்த்தால் அது குனிந்தே இருக்கும், குனிந்தே இருந்தால் போய்த்தானே ஆக வேண்டும்? ஒரு சின்ன நட்டை டேப் போட்டு ஒட்டினேன். ஹாலைத் தாண்டிப் போனது! இன்னொன்று ஒட்டினேன். சமையலறை வரைக்கும் போய், உங்கள் அத்தையிடம் திட்டு வாங்கி வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாங்க வேண்டிய எடைக்கு மேல் கால் பங்கு ஏற்றிப் பார்க்காமல் நான் எந்த லிஃப்டுக்கும் கையெழுத்துப் போட்டவன் இல்லை. பழக்க தோஷம், பந்தயத்தன்று காலை மூன்றாவது நட்டையும் ஒட்டிவிட்டேன்.

பந்தயம் உங்கள் அப்பா குடியிருப்பின் அடித்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில். முதல் தூணிலிருந்து கிளம்பி, எதிர்க் கோடிச் சுவரைத் தொட வேண்டும். நடுவர் அங்கே இருக்கும் செக்யூரிட்டி. கிளம்பியதும் சம்பந்தியுடையது சொன்னாற்போல் அம்புதான். ஆனால் பாதி வழியில் அவருடைய காரே அதற்குக் குறுக்கே நிற்க, கண்ணாடி போய்விடுமே என்று பயந்து இழுத்துப் பிடித்தார். என்னுடையதற்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. குனிந்த தலை நிமிராமல் அவரைத் தாண்டிப் போனது. கத்தினேன் மாப்பிள்ளை, இந்த வயதில் குதித்தேன். சுவர் நெருங்கியது, போதும் நில் என்று குச்சியைப் பின்னால் இழுத்தேன், அது நிற்கிற ஜாதியாக இல்லை. அந்தச் சுவரில்தான் லிஃப்ட். சரியாக அந்த நேரம் பார்த்து கதவு திறந்து, டீ தட்டோடு உங்கள் அம்மா நிற்கிறார்கள். நேரே உள்ளே போய்விட்டது. அலறல், தட்டு விழுந்த சத்தம், யாரோ மேலே பட்டனை அமுக்க, கதவு மூடி லிஃப்ட் போயே போய்விட்டது. அதற்கப்புறம் சம்பந்தியுடையது சாவகாசமாக வந்து சுவரைத் தொட்டு இறங்கியது.

நடுவர் தீர்ப்பைக் கேளுங்கள். "சுவரைத் தொடணும்னுதான சார் பேச்சு? உங்களது தொடலையே, லிஃப்டுக்குள்ள போயிடுச்சு."

"லிஃப்ட் சுவத்துலதானய்யா இருக்கு?"

"லிஃப்ட் சுவர் ஆகுமா சார்? அது ஓட்டை."

என்னிடம்! லிஃப்டை ஓட்டை என்று என்னிடம் சொல்கிறான்! திரும்பி வந்த லிஃப்டில் உங்கள் அம்மா உடம்பெல்லாம் டீ. என் ஹெலிகாப்டரின் இரண்டு விசிறியும் ஒன்றோடொன்று மோதி உடைந்து, ஒரு துண்டு கதவு ஓடும் பள்ளத்தில் சிக்கி, கதவு பாதி திறந்து நின்றுவிட்டது. "கையை வைக்காதீங்க, நான் பார்க்கறேன்" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, உங்கள் அப்பா, "இதென்ன பிரமாதம், புடுங்கிட்டாப் போச்சு" என்று இடுக்கியைப் போட்டு இழுத்தார். துண்டு வரவில்லை, கதவு வந்துவிட்டது. "ஒழுங்கா கனம் பார்த்து வெச்சிருந்தா இந்த வம்பே இல்ல. வாழ்க்கை பூரா மேலயும் கீழயுமே போனவருக்கு முன்னால போற விஷயம் எப்படித் தெரியும்?" என்றார். செக்யூரிட்டி சிரித்தான். நானும் விடவில்லை, "புடுங்கறதத் தவிர உங்களுக்கு என்ன தெரியும்? என் பொண்ணையும் அப்படித்தான புடுங்கி வெச்சுக்கிட்டீங்க" என்று கேட்டுவிட்டேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உங்கள் அம்மா ஈரப் புடவையோடு, "போதும், நீங்க கிளம்புங்க" என்றார்கள். உடைந்ததைக் கூடப் பொறுக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். முன்னால் போவதில் எது மேல் என்றால், சுவரோடு நின்றது மேலா, சுவரையும் தாண்டிப் போனது மேலா? ஜெயித்தது நான்தான். இந்த முறை என் மகள் என் வீட்டில்தான் தங்க வேண்டும். உங்கள் அப்பா முகத்தில் இனி நான் விழிப்பதாக இல்லை. அங்கேதான் தங்குவோம் என்றால், அந்த இரண்டு மத்தியான தரிசனமும் எனக்கு வேண்டாம்.

மகளுக்கு என் ஆசிகள். எவ்வளவு கோபமிருந்தாலும் உங்களுக்கும் அதே ஆசிகள்தான், பாதியாகப் பிரிக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. உங்கள் அப்பா. உடைந்த ஹெலிகாப்டரை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். "சம்பந்தி, கோபத்துல நானும் பேசிட்டேன். ஆனா நீங்க சொன்னது எனக்குத் தாங்கல. போன லீவு பூரா அவங்க உங்க வீட்டுலதான இருந்தாங்க? எங்க வீட்டுக்கு ரெண்டு மத்தியானம்தான் வந்தாங்க. கேட்க ரோஷமா இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன். எடுத்துக்கிட்டவர் நீங்க, என்னைப் போய்ப் புடுங்கினேன்னு சொல்றீங்களே" என்றார். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து காட்டினேன். அவரும் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாராம். துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எங்க தங்கினாலும் இன்னொருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. அதான் ரெண்டு பேர்கிட்டயும் மத்தவர் வீட்டுல இருக்கோம்னு சொல்லிட்டு, வெளியில ரூம் எடுத்துத் தங்கிட்டாங்க. எனக்கும் அவங்க அம்மாவுக்கும் அப்பவே தெரியும்." சம்பந்தி இன்னும் போகவில்லை, அந்த அறைக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. எங்கே வேண்டுமானாலும் தங்குங்கள். இந்த முறையும் பொய்தான் சொல்வதென்றால், இரண்டு பேரிடமும் ஒரே பொய்யாகச் சொல்லுங்கள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாமலாவது காத்திருக்கிறோம்.