இருபத்தெட்டாவது நிபந்தனை

நிபந்தனைப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு தேடியிருந்தால் நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

பெருமாள்புரத்து முத்துமாலை அண்ணாச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணார்பேட்டையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். வீட்டை எட்டு மாதத்தில் கட்டி முடித்தவர், வாடகை ஒப்பந்தத்தை இருபது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு குடித்தனக்காரர் காலண்டர் மாட்ட ஆணி அடித்தார், எட்டாவது நிபந்தனை பிறந்தது. அடுத்தவர் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டார், பதினொன்று. அதற்கடுத்தவரின் மாமியார் பத்து நாள் தங்கி, மோட்டாரைக் கூடுதலாக இரண்டு தடவை போட வைத்தார், பதினாறு. இப்படியே இருபத்தேழு. படித்துப் பார்த்தவர் உண்டா? படித்தால் வீடு கிடைக்குமா?

மாடியில் கணவனோடு குடியிருக்கும் நர்ஸ் டார்லினும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்க் கைக்குழந்தையோடு திரும்பியவளை அண்ணாச்சி படிக்கட்டிலேயே நிறுத்தினார்.

"நாலாவது நிபந்தனையைப் பாரும்மா. ரெண்டு பேருக்கு மேல குடியிருக்கக் கூடாது. இருந்தா இருபத்திநாலு மணி நேரத்துல காலி."

"அண்ணாச்சி, இது பச்சப்பிள்ளைல்லா."

"பிள்ளையும் ஆளுதானம்மா. அவசரமில்ல, சாமானெல்லாம் பையப் பைய எடுத்து வச்சி நாளைக்குக் காலி பண்ணிரு."

மறுநாளும் அவள் போகவில்லை. அண்ணாச்சி மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயை அடைத்தார். அலச வேண்டிய குழந்தைத் துணி பக்கெட் நிறையக் கிடந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

வக்கீல் தேவசிகாமணி ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு டார்லினிடம் சொன்னார்: "நீங்க கையெழுத்தே போட்டிருந்தாலும் தண்ணிய அடைக்க அவருக்கு உரிமை கெடையாது. வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாம வெளியேத்தவும் முடியாது." நோட்டீஸ் போனது. தண்ணீர் வந்தது.

அடுத்த மாதம் அதே வக்கீல் முன்னால் அண்ணாச்சியே உட்கார்ந்திருந்தார், கண் கலங்கி. அவருடைய பெயின்ட் கடை வாடகைக் கட்டடம். கட்டடத்துக்காரர் இருபத்திநாலு மணி நேரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. அண்ணாச்சி அதைப் படிக்கவில்லை.

"இருபது வருசக் கட வே. ஒரு நாளையில காலி பண்ணச் சொல்லுதான். மனுசன் எழுதுத நிபந்தனையா இது?"

"கவலப்படாதீய. உங்களுக்கு அனுப்புனேன்லா, அதே நோட்டீஸ்தான். பேர மட்டும் மாத்தி அனுப்புதேன்."

கடை தப்பியது. சட்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று அண்ணாச்சி தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். மகிழ்ந்த கையோடு வீட்டுக்குப் போய், ஒப்பந்தத்தில் இருபத்தெட்டாவதாக ஒன்று சேர்த்தார்: குடியிருப்பவர் எக்காரணம் கொண்டும் வக்கீலைப் பார்க்கக் கூடாது.

சிரிக்கிறீர்கள். நீங்களே வாடகை வீட்டில் இருப்பவர், சிரிக்கலாம். ஆனால் ஊரில் ஒரு வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அங்கே மீன் பொரிக்க விடுவீர்களா?