எட்டு நிமிஷ இறால்

ஒரு வேலையை ஒரே ஒரு தடவை உருப்படாமல் செய்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் அந்த வேலை நம் பக்கம் எட்டிப் பார்க்காது. இதை எனக்குச் சொன்னவர் கீழ் வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர். அனுபவஸ்தர். ஒரு தடவை வாஷிங் மெஷினில் வெள்ளைத் துணியோடு ஒரு சிவப்புத் துண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார். ஒரு மாசம் அந்தக் குடும்பமே ரோஸ் கலரில் நடமாடியது. இப்போது அவர் மெஷின் பக்கம் போய் நின்றாலே வீட்டம்மா விரட்டுகிறாராம்.

எனக்கு அந்த யோசனை தேவைப்பட்டதற்குக் காரணம் என் மனைவியின் வேலை. அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். போன மாசம் அங்கே நேரத்தை மாற்றிவிட்டார்கள். செவ்வாயும் வியாழனும் இனி எட்டு மணி வரை.

"செவ்வாய், வியாழன் ராத்திரிச் சாப்பாடு உங்க பொறுப்பு," என்றாள்.

"எது?"

"சாப்பாடு. வாயில போட்டு மெல்லுவாங்களே, அது."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே."

"தெரிய வேண்டாம். சோறு பொண்ணு வச்சிடுவா. ஃபிரீசர்ல இறால் இருக்கு, உரிச்சு சுத்தம் பண்ணினது. ஏர் ஃபிரையர் இருக்கு. அதை எடுத்து இதுல போடுங்க. அவ்வளவுதான்."

"உங்க அம்மா இருக்காங்களே?"

"அம்மா நாப்பது வருஷம் சமைச்சாச்சு. ஓய்வு வாங்கிட்டாங்க."

ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மாமியார் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு சுவர் இருந்தது. அப்படியும் தலையாட்டியது தெரிந்தது.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஆகவே மெஷின் ஓட்டத் தெரியாது என்று சொல்ல முடியாது. "இருபது மாடிக்கு ஏத்தி இறக்கறீங்க, ரெண்டு பட்டனை அமுக்க வராதா?" என்பாள். உண்மையான காரணத்தையும் சொல்ல முடியாது. உண்மையான காரணம் கேரம்.

செவ்வாயும் வியாழனும் ஆறரையிலிருந்து எட்டு வரை நானும் டிரைவிங் ஸ்கூல்காரரும் கேரம் பழகுகிறோம். எங்கள் குடியிருப்பில் வருஷா வருஷம் இரட்டையர் போட்டி நடக்கும். ரெண்டு வருஷமாக இறுதி ஆட்டம் வரை போய், மூணாவது மாடி மருந்துக்கடைக்காரரிடமும் அவர் தம்பியிடமும் தோற்றுக்கொண்டிருக்கிறோம். இந்த வருஷம் விடுவதில்லை என்று ரெண்டு பேரும் கைகொடுத்துச் சத்தியம் செய்திருக்கிறோம். போட்டிக்கு இன்னும் ரெண்டே வாரம். இதைப் போய் வீட்டில் சொன்னால், 'நான் வேலைக்குப் போறேன், நீங்க காய் தள்ளப் போறீங்களா?' என்று ஒரே கேள்வியில் போர்டைக் கவிழ்த்துவிடுவாள்.

"கெடுத்தா மட்டும் போதாது சார்," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர், காயை அடுக்கிக்கொண்டே. "கெடுத்துட்டு முகத்தைத் தொங்கப் போடணும். அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க."

"அந்த முகம் எனக்குத் தெரியும்," என்றேன்.

தெரியும்தான். கல்யாணமான மூணாவது வாரம் என் மனைவி என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டாள். முதுகில், இஸ்திரிப் பெட்டி அளவுக்கே ஒரு ஓட்டை. சமையலறைக் கதவோரம், இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, தலைகுனிந்து நின்றாள். "எனக்கு இது வரவே வராது போலிருக்கு. உங்களுக்கு நான் பாரம்," என்று சொல்லிவிட்டு அழுதாள். "சட்டைதானே, போகட்டும் விடு. இனிமே நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

அன்றிலிருந்து இஸ்திரி என் இலாகா. பதினெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெட்டியைப் பிடித்தால் பத்து மணிக்குத்தான் கீழே வைப்பேன். மகளின் பள்ளிச் சீருடை, மாமியாரின் புடவை, தலையணை உறை வரைக்கும். நான் வைத்த மடிப்பில் பென்சில் சீவலாம். பாவம், அவளுக்குக் கை வராது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்று வராது, என்ன செய்வது?

அந்தக் கண்ணீர் என்னைக் கரைத்தது போல என் கண்ணீரும் அவளைக் கரைக்கும் என்று முடிவு செய்தேன்.

முதல் செவ்வாய். பாக்கெட்டைப் பிரித்தேன். உள்ளே இறாலெல்லாம் சேர்ந்து ஒரே கல்லாக இருந்தது. தண்ணீரில் போட்டு உதிர்ப்பதுதான் முறை என்று எனக்கே தெரிந்தது. போடவில்லை. கல்லை அப்படியே ஏர் ஃபிரையர் கூடைக்குள் இறக்கி, இருநூறு டிகிரியில் இருபத்தைந்து நிமிஷம் வைத்துவிட்டுக் கீழே போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தேன். வெளிப்பக்கம் ரப்பர். நடுவில் குளம்.

எட்டேகாலுக்கு எல்லோரும் மேஜையில் உட்கார்ந்தோம். மாமியார் ஒரு இறாலை வாயில் போட்டார். டிவியில் செய்தி ஆரம்பித்தது. செய்தி முடிந்தது. அந்த இறால் முடியவில்லை. மகள் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டுப் பார்த்தாள். துள்ளியது.

"அப்பா, இது இன்னும் உயிரோட இருக்கு."

நான் முகத்தைத் தொங்கப்போட ஆயத்தமானேன். அதற்குள் மனைவி, "முதல் தடவைக்குப் பரவாயில்லைங்க. நானெல்லாம் ஆரம்பத்துல இதைவிட மோசம்," என்று சொல்லி, நிதானமாக மென்று, தட்டைக் காலி செய்துவிட்டாள்.

மறுநாள் ஏர் ஃபிரையரின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'தண்ணியில பத்து நிமிஷம். ஈரம் போகத் துடைக்கணும். எண்ணெய் ஒரு ஸ்பூன், உப்பு, மிளகாய்த்தூள். இருநூறு டிகிரி. எட்டு நிமிஷம். நடுவுல ஒரு தடவை குலுக்கணும்.' அழகான கையெழுத்து. என் அறியாமைக்கு அன்றோடு வாசல் அடைபட்டது.

வியாழக்கிழமை வேறு வழியில் போனேன். சீட்டில் உள்ளபடியே எல்லாம் செய்தேன். மிளகாய்த்தூள் எத்தனை ஸ்பூன் என்று மட்டும் அதில் எழுதவில்லை. ஐந்து போட்டேன். கூடையைத் திறந்தபோது எனக்கு மட்டுமில்லை, பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளுக்கும் தும்மல் வந்தது.

மகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் தேடி ஓடினாள். மனைவி சோற்றை அதிகமாகப் பிசைந்துகொண்டாள். மாமியார் நாலு இறால் தொடர்ச்சியாகச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"ஐயோ, அத்தை, வேண்டாம், வச்சிடுங்க," என்றேன். குரலில் தேவையான நடுக்கம் இருந்தது.

"சும்மா இருங்க மாப்பிள்ளை. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பத்தியச் சாப்பாடு சாப்பிட்டேன். இன்னைக்குத்தான் எனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது. இன்னும் ரெண்டு போடுங்க."

சாப்பிட்டதும் தன் தங்கைக்குப் போன் போட்டார். "எங்க மாப்பிள்ளைக்கு என்ன கைமணம்கறே" என்பது மட்டும் ஹாலிலிருந்து மூன்று தடவை கேட்டது. கைமணமாம். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் எப்போது என் வேலை ஆனது என்று தெரியவில்லை.

"பிரேக்கை அரைகுறையா அமுக்கறீங்க சார்," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "முழுசா அமுக்குங்க. அடுத்த சனிக்கிழமை போட்டி. நினைவு இருக்கட்டும்."

அடுத்த செவ்வாய் முழுசாக அமுக்கினேன். எண்ணெய் போடவில்லை. குலுக்கவில்லை. இருபது நிமிஷம் ஓடி மெஷின் மணி அடித்தது. மறுபடி இருபது நிமிஷம் வைத்தேன். அதற்கு மனசாட்சி இருந்திருக்க வேண்டும், உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. நாற்பதாவது நிமிஷம் புகை கிளம்பியது. மகள் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, "அப்பா, நீங்க வேணும்னே பண்றீங்களா?" என்றாள்.

"போய்ப் படி," என்றேன்.

கூடையில் இருந்ததை வைத்து வெள்ளைச் சுவரில் எழுதலாம். தட்டில் கொட்டி மேஜை நடுவில் வைத்தேன். வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. சமையலறைக் கதவோரம் போய் நின்றேன். கண்ணீருக்குக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை, புகையே பார்த்துக்கொண்டது.

"எனக்கு இது வரவே வராது போலிருக்கும்மா," என்றேன். "உங்களுக்கெல்லாம் நான் பாரம்."

மனைவி கைப்பையைக் கழற்றவில்லை. தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, பல் கணக்கெடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு படுக்கை அறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. மனம் இளகிவிட்டது, துண்டு எடுத்துக் கண்ணைத் துடைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

வந்தாள். கையில் துண்டு இல்லை. நீலச் சட்டை. கருகிய இறாலுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்தாள். முதுகில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது.

"இது ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? பாவம், அன்னைக்கு நீ எவ்வளவு அழுதே."

"எங்க நின்னு அழுதேன்?"

"இதோ, இந்தக் கதவோரம்தான்."

"கையை எப்படி வச்சிருந்தேன்?"

குனிந்து பார்த்தேன். என் வலது கை என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று விட்டேன்.

"என்ன சொல்லி அழுதேன்?"

என் பார்வை கருகிய இறாலுக்குப் போனது.

"கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்திருக்கீங்க," என்றாள். கோபமே இல்லை. டாக்டர் உள்ளே கூப்பிடுகிறார், போங்க என்று நோயாளியிடம் சொல்கிற அதே குரல்.

"அப்போ அது தெரியாம கருகினது இல்லையா?"

"பெட்டியைச் சட்டை மேல வச்சு இருபது வரைக்கும் எண்ணினேன். உங்க துணி ஒரு கூடை நிறைய கிடந்தது, நான் என்ன பண்றது? ஒரு மாசம் தப்பிச்சா போதும்னுதான் நினைச்சேன். பதினெட்டு வருஷம் ஓடும்னு நானே எதிர்பார்க்கல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை. எத்தனை தலையணை உறை. உறைக்கு எதற்கு மடிப்பு என்று ஒரு நாளாவது கேட்டேனா? எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஆனால் இனி அழுதாலும் நம்புவதற்கு அந்த வீட்டில் ஆள் இல்லை.

"சட்டையை எதுக்கு இத்தனை வருஷம் வச்சிருந்தே?"

"என்னைக்காவது உங்களுக்கும் இந்த யோசனை வரும்னு வச்சேன். ரொம்ப நாள் எடுத்துக்கிட்டீங்க." கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். "கெடுக்கறதுக்கு எப்படியும் நாப்பது நிமிஷம் செலவு பண்ணியிருப்பீங்க. செய்யறதுக்கு எட்டு நிமிஷம். மிச்ச நேரத்துல ரெண்டு ஆட்டம் ஆடியிருக்கலாம்."

"ஆட்டமா? என்ன ஆட்டம்?"

"கீழ் வீட்டம்மாதான் சொன்னாங்க. சனிக்கிழமை போட்டியாமே? ஜெயிச்சுட்டு வாங்க, நல்லதுதான். ஃபிரீசர்ல இன்னொரு பாக்கெட் இருக்கு. பசிக்குது."

பாக்கெட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். பத்து நிமிஷம். ஈரம் போகத் துடைத்தேன். எண்ணெய் ஒரு ஸ்பூன். கையில் மிளகாய்த்தூள் டப்பாவோடு நின்றபோது, ஹாலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"பத்து எண்ணினாலே போதும்னுதான் நான் சொல்லி அனுப்பினேன் மாப்பிள்ளை, அவதான் இருபது எண்ணிட்டா. அந்த உறைப்பை மட்டும் குறைச்சுடாதீங்க."