சில்வெஸ்ரர் ஊழலை ஒழித்த விதம்

புலம்பெயர்ந்து தான் குடியேறிய ஒனிஹங்காவில் ஜனநாயகம் செத்துவிட்டது என்ற முடிவுக்கு சில்வெஸ்ரர் ஒரு காலை பல் தீட்டும்போதே வந்துவிட்டார். அதை எழுப்பி நிறுத்தும் பொறுப்பும் தன் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று கண்ணாடியில் தெரிந்த நுரைவாயரிடம் சொன்னார். காரணம் இதுதான். அவர் வீட்டு வாசலில் பஸ் ஸ்டொப் வரப்போகிறது என்று பகுதிச் சபையிலிருந்து அறிவித்தல் வந்திருந்தது.

உங்களுக்கு இது சின்ன விசயமாகப் படலாம். சில்வெஸ்ரருக்கு வாசல் என்றால் வேன். மவுண்ட் வெல்லிங்டனில் ஏலத்தில் எடுத்த பழைய வெள்ளை வேன். வீட்டுப் பாதைக்குள் நுழையாத அகலம். ஆகவே அது தெருவோரத்தில், முன் ஜன்னலுக்கு நேரே நிற்கும். வேலையால் வந்ததும் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்ததில்லை என்று மனைவி பேர்ணடெட் சொல்வதுண்டு. பஸ் ஸ்டொப் வந்தால், வாகனம் நிறுத்தக்கூடாது என்று மஞ்சள் கோடு வரும். மஞ்சள் கோடு வந்தால் வேன் தெரு முடிவில் உள்ள மேட்டுக்கு அப்பால் போகவேண்டும். இனி உயிரோடு இருந்து என்ன பயன் என்று சில்வெஸ்ரர் கதிரையில் சரிந்தார். அன்று மத்தியானச் சோற்றில் பாதியை மிச்சம் வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேர்ணடெட்டுக்குக் கார் ஓட்டத் தெரியாது. த்ரீ கிங்ஸில் முதியோர் இல்லமொன்றில் வேலை. இப்போதைய பஸ் ஸ்டொப் மேட்டுக்கு அந்தப் பக்கம். மழையோ குளிரோ, ஏறி இறங்கித்தான் போய் வருவாள். "நான் கொண்டுபோய் விடுறன்" என்று சில்வெஸ்ரர் வருசா வருசம் வாக்குக் கொடுப்பார். ஆனால் மழை நாளில் வேனில் சேறு படும். வெயில் நாளில் நடக்கலாம்தானே. அவளும் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் கேட்பதை விட்டுவிட்டாள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சரி, ஜனநாயகத்தைக் கொன்றது யார்? அதையும் சில்வெஸ்ரர் கண்டுபிடித்திருந்தார். சபையிலே கொலீன் என்றொரு வெள்ளைக்காரக் கவுன்சிலர். தெரு மூலையில் டெயரி என்ற சில்லறைக் கடை வைத்திருப்பவர் பொன்சாமி என்ற பீஜிக்காரர். பஸ் நின்றால் அவர் கடையில் பாலும் பாணும் விற்கும். அந்தக் கடை வாசலில் கொலீன் நின்று பொன்சாமியோடு சிரித்துக் கதைத்ததை சில்வெஸ்ரர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். சும்மா யாராவது சிரிப்பார்களா?

கவுன்சிலர்மார் தங்கள் சொத்து, தொழில், வாங்கிய பரிசு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும், யாரும் பார்க்கலாம் என்று மகள் ஜனுஷா சொன்னபோது அவர் நம்பவில்லை. ஊரில் இப்படி ஒரு விபரம் கேட்டுப் போனால், கேட்டவனின் விபரத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். "அப்பா, இட்ஸ் ஆல் ஒன்லைன்" என்று அவள் மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சில்வெஸ்ரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். பெட்டி பெட்டியாகக் காசும் கப்பலும் கிடக்கும் என்று பார்த்தால், ஒருவருக்கு ஒரு பூங்கொத்து. இன்னொருவருக்கு ரக்பி டிக்கட். போகவில்லை என்று பக்கத்தில் குறிப்பு வேறு. இவர்களுக்கு ஒழுங்காக ஊழல் செய்யக்கூடத் தெரியவில்லையே என்று அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். கடைசியில் கொலீனின் பெயர். அதற்கு நேரே, ஒரு போத்தல் மாங்காய்ச் சட்னி. கொடுத்தவர், ஒரு கடைக்காரர். மாங்காய்ச் சட்னி! பொன்சாமியின் மனைவி பிம்லா போடும் சட்னி தெரு முழுக்க மணக்குமே! விபரம் போன நவம்பர் வரைக்கும்தான் என்று மேலே போட்டிருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

பேர்ணடெட் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். வழக்கமாக இப்படியான நேரத்தில் அவள் குழாயைத் திறந்துவிடுவாள், பேச்சு கேட்காது. அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஸ்டொப்புக்கு வாக்கெடுக்கிற சபைக் கூட்டத்தில போய்க் கதைக்கலாமே?" என்றாள்.

"கதைக்கத்தான் போறன். பொன்சாமியின்ர பேரைச் சொல்லிக் கிழிக்கப் போறன்."

"பேர் சொல்லாதேங்கோ. வழக்குப் போடுவினம், பிறகு வேனையும் விக்க வேண்டி வரும்."

வேன் என்றதும் சில்வெஸ்ரர் அடங்கினார். "அப்ப என்னெண்டு சொல்லுறது?"

"எங்கட தெருவில ஆரிட்டயாவது என்னவும் வாங்கின கவுன்சிலர் வாக்குப் போடக்கூடாது, எழும்பி வெளியில போகவேணும் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவும் காணும்."

எவ்வளவு சுருக்கமான பேச்சு! கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் கட்சியில் அவள் சேர்ந்தது இதுதான் முதல் தடவை. தானும் கூட்டத்துக்கு வருகிறேன் என்று அவள் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் கொடுத்தார்கள். சில்வெஸ்ரர் கோட்டுப் போட்டுக்கொண்டு எழுந்தார். பேர்ணடெட் சொல்லிக் கொடுத்ததை ஆங்கிலத்தில் அப்படியே ஒப்புவித்தார். வாங்கியவர் எழும்ப வேண்டும், வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் இந்த நாடு உருப்படாது என்று மேசையில் ஒரு குத்தும் குத்தினார். பிறகு கொலீன் மெதுவாக எழுந்தாள்.

அவள் சொன்னது ஒவ்வொன்றும் சில்வெஸ்ரருக்கு விளங்கியது. அதுதான் கொடுமை. சட்னி தந்தது வேறொரு பகுதிக் கடைக்காரராம். ஆனால் கிறிஸ்மஸுக்கு இந்தத் தெருவிலிருந்து தனக்கு ஒரு கேக் கிடைத்ததாம், நல்ல கேக்காம், அதையும் பதிவுக்குக் கொடுத்துவிட்டாளாம், இணையத்தில் இன்னும் ஏறவில்லையாம். பெட்டியின் மேல் 'சில்வெஸ்ரர் குடும்பம்' என்று எழுதியிருந்ததாம். இந்த பஸ் ஸ்டொப் வேண்டாம், அங்கே ஒருவர் தன் வேனை நிறுத்த வேறு இடமில்லை என்று வாதாடத்தான் இன்றைக்கு ஆயத்தமாக வந்தாளாம். என்றாலும் ஐயா சொல்வது நியாயம், நான் விலகிக்கொள்கிறேன் என்று அவருக்குத் தலை குனிந்துவிட்டு வெளியே போனாள்.

அவளை மறிக்க சில்வெஸ்ரர் எழுந்தார். உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் சொன்னார். கொலீன் இருந்திருந்தால் கைகள் சமமாகி யோசனை விழுந்திருக்கும். அவள் இல்லாததால் ஒரே ஒரு கை வித்தியாசத்தில் பஸ் ஸ்டொப் நிறைவேறியது. சிலர் சில்வெஸ்ரரின் நேர்மையைப் பாராட்டிக் கை தட்டினார்கள். அவருக்கு உலகம் இருண்டுகொண்டு வந்தது.

வெளியே வந்து வேனுக்குள் ஏறியும் அவர் சாவியைத் திருப்பவில்லை.

"நீர் ஏன் அவவுக்குக் கேக் குடுத்தனீர்?"

"அறிவித்தல் வாறதுக்கு முதலே, கிறிஸ்மஸ் நேரம், ஸ்டொப் வேணுமோ எண்டு அவ வீடு வீடா வந்து கேட்டவ. நீங்கள் குளிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். உங்கட மனிசன்ர வேனைப் பாக்கப் பாவமாக் கிடக்கு, ஸ்டொப்பை வரவிடமாட்டன் எண்டு சொன்னா. அப்பிடிப்பட்ட நல்ல மனிசிக்கு ஒரு துண்டு கேக் குடுக்காம விடலாமே?"

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஏன் என்ர பேரைப் போட்டனீர்?"

"கலியாண வீட்டுக்குப் போனாலென்ன, ஞானஸ்நானத்துக்குப் போனாலென்ன, குடும்பத் தலைவன்ர பேரைத்தான் போடவேணும் எண்டு நிண்டது ஆர்?"

சில்வெஸ்ரர் சாவியைத் திருப்பப் போனார்.

"இஞ்சருங்கோ," என்றாள் பேர்ணடெட். அவள் குரல் உயரவில்லை. "அந்த மேட்டில நான் மழைக்குள்ள விழுந்த அண்டு, நீங்கள் ஜன்னலால பாத்துக்கொண்டிருந்தனீங்கள். நான் வாறனோ எண்டில்லை. வேனில தண்ணி ஒழுகுதோ எண்டு."

அது உண்மை. சில்வெஸ்ரருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வேனை நினைத்துத் துக்கமாக இருந்தது, அதை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது. சாவியைத் திருப்பி வேனை வீட்டுக்கு ஓட்டினார்.

குளிர்காலம் தொடங்க மஞ்சள் கோடு போட்டார்கள். ஜன்னலுக்கு நேரே வேன் நின்ற இடத்தில் பஸ் வந்து நின்றது. வேன் மேட்டுக்கு அப்பால் யாரோ ஒருவரின் வேலியோரம் அநாதையாகக் கிடந்தது. முதல் மழை நாளில் வேலையால் வந்த சில்வெஸ்ரர் அதை அங்கே விட்டுவிட்டு மேடு ஏறி இறங்கி, சப்பாத்துக்குள் தண்ணீர் சளசளக்க வீட்டு வாசலுக்கு வந்தார். பேர்ணடெட் அப்போதுதான் பஸ்ஸால் இறங்கி, தலைமயிர்கூட நனையாமல் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். துவாயைக் கொண்டுவந்து அவர் தலையைத் துடைத்துவிட்டாள்.

"வேனை விட்டிட்டு அங்கயே பஸ்ஸில ஏறுங்கோவன். வாசல்ல இறக்கிவிடுவான்."

"என்னட்ட பஸ் கார்ட் இல்லை" என்றார் சில்வெஸ்ரர், கடைசி மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.

அவள் அலுமாரி லாச்சியைத் திறந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தாள். அறிவித்தல் வந்த அன்றைக்கே வாங்கி, காசும் போட்டு வைத்திருந்தாளாம்.